ஜப்பானில் 12 நாள்: எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, எந்த டிக்கெட் வாங்குவது?

முதல் தடவை ஜப்பான் போகிறவர்கள் எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் இருக்கும். டோக்கியோ, ஹக்கோனே, கனாசாவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா. எங்களிடமும் அதுதான் இருந்தது. நான், அக்கா, அம்மா, மூன்று பேர். கையில் 12 நாள். அம்மாவுக்கு 66 வயது, இடது முழங்காலில் தேய்மானம், சுத்த சைவம். அக்கா ஒரு தாளில் ஏழு ஊரையும் எழுதி வரிசையாகக் கோடு போட்டு இணைத்துக்கொண்டே வந்தாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை பெட்டி கட்டணுமாடி?" என்று கேட்டார். அதன் பிறகு திட்டத்தை ஊர்ப் பட்டியலை வைத்துப் போடாமல், பெட்டியை வைத்துப் போட்டோம்.

தெரியாத நாட்டில் பல ஊர் சுற்றுவதற்கு மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த விமான நிலையத்தில் இறங்கி எதிலிருந்து திரும்புவது, எத்தனை இடத்தில் தங்குவது, ஊர்களுக்கு நடுவே எப்படிப் போவது. பெரும்பாலானவர்கள் மூன்றாவதிலிருந்து, அதாவது ரயில் பாஸ் வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பாஸ் வாங்கியாயிற்றே என்று அதை ஈடுகட்ட ஊர்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

இறங்குவதும் ஏறுவதும்

டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலிருந்தே திரும்புவது ஒரு வழி. டோக்கியோவில் இறங்கி, மேற்கே நகர்ந்து, ஒசாகா அருகே இருக்கும் கான்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்புவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பிவர ஷிங்கன்சென் (புல்லட் ரயில்) டிக்கெட் ஓர் ஆளுக்கு 14,000 யென் சுமார் ஆகும். மூன்று பேருக்கு 42,000. அதோடு அரை நாளும் போகும். ஏற்கெனவே பார்த்த பாதையில் திரும்பிவருவதற்காக அவ்வளவு செலவழிக்க வேண்டாம்.

விமான டிக்கெட் தேடும்போது தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் போட்டுப் பார்த்து, விலையைக் கண்டு பயந்து பலர் இந்த யோசனையையே கைவிட்டுவிடுகிறார்கள். மல்டி-சிட்டி என்று இருக்கும் இடத்தில் ஒரே டிக்கெட்டாகப் போட்டுப் பாருங்கள். பல நேரம் சாதாரண ரிட்டர்ன் டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே விலை வரும். வித்தியாசம் 14,000 யென்னைத் தாண்டாதவரை யோசிக்கவே வேண்டியதில்லை. கான்சாய் விமான நிலையம் ஒசாகா விரிகுடாவில் மண்ணைக் கொட்டி எழுப்பிய செயற்கைத் தீவில் 1994இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கியோட்டோவுக்கு 'ஹருகா' ரயில் நேராகவே ஓடுகிறது, 80 நிமிடம் அளவில் ஆகும். ஆகவே ஊருக்கு ஒதுங்கிய இடம் என்ற பயம் வேண்டாம்.

டோக்கியோ பக்கம் நரிட்டா, ஹனேடா என்று இரண்டு இருக்கின்றன. நரிட்டா நகரின் நடுவிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஹனேடா கிட்டத்தட்ட ஊருக்குள்ளேயே. விமானம் ராத்திரி இறங்குகிறது என்றால் டிக்கெட் சற்றுக் கூடுதலானாலும் ஹனேடாவை எடுங்கள். புது நாட்டில் முதல் ராத்திரி கடைசி ரயிலைத் துரத்த வேண்டியிருக்காது.

உங்கள் விமான நிறுவனம் டோக்கியோவுக்கு மட்டும்தான் பறக்கிறது என்றால் ரிட்டர்ன் டிக்கெட்தான் வழி. அப்படியானால் வந்த அன்றோ மறுநாளோ நேராக மேற்கே போய்விட்டு, டோக்கியோவை முழுக்கக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மூன்று நாள், பின்னால் இரண்டு நாள் என்று டோக்கியோவை உடைத்தால் ஒரு தடவை கூடுதலாக ஹோட்டல் மாற வேண்டி வரும்.

எத்தனை படுக்கை

இந்த முடிவில்தான் பயணமே அடங்கியிருக்கிறது. ஊருக்கு ஒரு ஹோட்டலா, இரண்டே இடத்தில் தங்கி அங்கிருந்து போய்வருவதா?

ஜப்பானில் பல ஹோட்டல்களில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. நடுவில் நாலைந்து மணி நேரம் தலை சாய்க்க இடம் இல்லை. 12 நாளில் ஆறு தடவை மாறினால் ஆறு நாள் இப்படிக் கழியும். ரயில் இரண்டே மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் அறையிலிருந்து அறைக்கு என்று கணக்குப் போட்டால் ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள் இருக்கின்றன. அதில் லிஃப்ட் இருக்கும் வாசல் எது என்று பெட்டியோடு தேடிப்பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சைவக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானியச் சமையலில் குழம்பு, நூடுல்ஸ், வேகவைத்த காய் என்று பலவற்றுக்கும் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. அது பெரும்பாலும் காய வைத்த கட்சுவோ மீனில் எடுப்பது. தட்டில் மீன் துண்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அது சைவமாக இருக்காது. ஒவ்வொரு புது ஊரிலும் அம்மாவுக்கு ஏற்ற கடையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்கினால் முதல் நாள் தேடினால் போதும். கியோட்டோவில் எங்கள் ஹோட்டலுக்கு அடுத்த சந்தில், கொம்பு என்கிற கடற்பாசி மட்டும் போட்டு எடுத்த சாற்றில் உடோன் என்ற தடித்த நூடுல்ஸ் செய்து கொடுக்க ஒரு சின்னக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அம்மாவைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

ஆக, பெட்டியோடு நீண்ட நாள் தங்க இரண்டு இடம்: கிழக்கே டோக்கியோ, மேற்கே ஒன்று. மேற்கே கியோட்டோவா ஒசாகாவா என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். இரண்டுக்கும் நடுவே ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான், கட்டணமும் 600 யென்னுக்குள். ஆகவே இரண்டிலும் நாள் கணக்கில் தங்குவது வீண். அக்கா ஒசாகா என்றாள். அறை வாடகை குறைவு, ராத்திரி வெகுநேரம் கடைகள் திறந்திருக்கும், கோபே, ஹிமேஜி, ஹிரோஷிமா எல்லாமே கியோட்டோவை விட அங்கிருந்து கிட்டம். நியாயமான காரணங்கள்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், ராத்திரி சுற்றி காலையில் தாமதமாக எழுகிறவர்களுக்கும் ஒசாகாதான் பொருத்தம்.

நான் கியோட்டோ என்று பிடிவாதம் பிடித்தது விடியற்காலைக்காக. ஃபுஷிமி இனாரி கோயில் வளாகம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா போகும் பாதையில் இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம். நாங்கள் ஆறேகால் மணிக்குப் போய் நின்றோம். செந்தூர நிறத்தில் தோரீ வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகின்றன. ஏறும்போது தூண்கள் வெறுமையாகத் தெரியும். இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணிலும் கறுப்பு எழுத்து: வாசலைக் கொடுத்தவர் பெயர், கொடுத்த நாள். நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரி என்று அம்மா சொன்னார். முதல் வளைவு வரை ஏறிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். ஒரு துடைப்பச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு நாங்கள் கீழே இறங்கியபோது அதே பாதையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். ஒசாகாவில் தங்கியிருந்தால் அந்த ஆறேகால் மணி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஹிரோஷிமாவுக்குக் கியோட்டோவிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால் காலையில் போய் இரவில் திரும்புவதாகப் பலரும் திட்டம் போடுகிறார்கள். அமைதி நினைவு அருங்காட்சியகம், மதியம் மியாஜிமா தீவு, இரவு திரும்புதல் என்று தாளில் கச்சிதமாகப் பொருந்தும். செய்யாதீர்கள். அந்த அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் கடிகாரம் பார்த்துப் படகு பிடிக்கிற மனநிலை யாருக்கும் இருக்காது. காட்சிக் கூடம் முடிகிற இடத்தில் பூங்காவைப் பார்த்தபடி நீளமான கண்ணாடிச் சுவர் உண்டு. அம்மா அங்கே உட்கார்ந்துவிட்டார். எரிந்துபோன மூன்று சக்கரக் குழந்தை வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முக்கால் மணி நேரம் நாங்கள் மூவரும் எதுவும் பேசவில்லை. ஒரு ராத்திரி அங்கே தங்குவதாக வைத்திருந்ததால்தான் அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்கு இருந்தது. தீவுக்கு மறுநாள் போனோம்.

கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு: டோக்கியோ 5 இரவு, கியோட்டோ 4, ஹிரோஷிமா 1, விமானத்துக்கு முந்தின நாள் ஒசாகா 1. நாலு ஹோட்டல் ஆயிற்றே என்று கேட்கலாம். ஹிரோஷிமாவுக்கு ஆளுக்கு ஒரு தோள்பைதான் கொண்டுபோனோம்.

பெட்டி எங்கே போயிற்று

ஜப்பானில் 'தக்யூபின்' என்று ஒரு சேவை. வாயில் குட்டியைக் கவ்விய கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாட்டோ நிறுவனம் 1976இல் ஆரம்பித்தது, இப்போது நாடு முழுக்கப் பழக்கம். ஹோட்டல் வரவேற்பு மேசையிலேயே பெட்டியைக் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு, பெரும்பாலும் மறுநாளே, போய்ச் சேர்ந்துவிடும். அளவையும் தூரத்தையும் பொறுத்துப் பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் வரை ஆகும். டோக்கியோவில் மேசையில் இருந்த பெண் ஒரு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார். கியோட்டோ ஹோட்டல் முகவரியை ஜப்பானிய எழுத்தில் அவரே எழுதி, நாங்கள் அங்கே போய்ச்சேரும் தேதியைக் கேட்டுக் குறித்து, ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. கியோட்டோவிலிருந்து பெட்டிகளை நேராக ஒசாகா ஹோட்டலுக்கு, இரண்டு நாள் கழித்த தேதி போட்டு அனுப்பினோம். ஹிரோஷிமாவிலிருந்து கையை வீசிக்கொண்டு ஒசாகா போனபோது பெட்டிகள் எங்களுக்கு முன்பே வந்திருந்தன.

பெட்டியை நாமே ரயிலில் கொண்டுபோவதானால் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். டோக்கியோ–ஒசாகா–ஹிரோஷிமா பாதை ஷிங்கன்சென்களில் 2020 மே மாதம் முதல், மூன்று பக்க அளவும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டுகிற பெட்டிக்கு, அதற்கென்று உள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால்தான் 1,000 யென். 250 சென்டிமீட்டருக்கு மேல் அனுமதியே இல்லை. அக்காவின் பெட்டி 164 வந்தது. வீட்டிலேயே டேப் வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

பாஸா, தனி டிக்கெட்டா

ஜப்பான் என்றாலே ஜே.ஆர். பாஸ் வாங்கு என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த அறிவுரை ஒரு காலத்தில் சரி. 7 நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. டோக்கியோ–கியோட்டோ போய்வந்தாலே கிட்டத்தட்ட ஈடாகிவிடும். 2023 அக்டோபர் 1 முதல் அதை 50,000 ஆக்கிவிட்டார்கள். 14 நாள் பாஸ் 47,250லிருந்து 80,000. போய்வந்த சொந்தக்காரர்கள் சொல்வதும், பழைய கட்டுரைகள் சொல்வதும் பெரும்பாலும் பழைய விலையை வைத்துத்தான். வாங்கும் நாளில் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். டோக்கியோ–கியோட்டோ 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா 11,000 சொச்சம், ஹிரோஷிமா–ஒசாகா 10,000 சொச்சம். மொத்தம் 36,000 அளவில். ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கே திரும்பினாலும் 45,000 பக்கம்தான் வருகிறது. பாஸ் 50,000. அது போக, வேகமான 'நொசோமி' ரயிலில் பாஸோடு ஏற வேண்டுமென்றால் டோக்கியோ–கியோட்டோவுக்கு மட்டும் 4,960 யென் தனியாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் 'ஹிகாரி'யில் போகலாம். கொஞ்சம் தாமதம், பெரிய குறையில்லை.

பாஸ் லாபமாகிற பயணங்களும் உண்டு. ஒரே வாரத்துக்குள் டோக்கியோவிலிருந்து தென்மேற்குத் தீவான கியூஷுவின் ஹக்காட்டா வரை போய்த் திரும்பி, நடுவில் இன்னும் இரண்டு ஊரும் பார்ப்பவர்கள் வாங்கலாம். வடக்கே அவொமோரி, தெற்கே ஹிரோஷிமா என்று ரயிலிலேயே வாழ நினைப்பவர்களும் வாங்கலாம். ரயில் பயணமே ஆசை என்றால் அது ஒரு நல்ல காரணம். 1964 அக்டோபர் 1இல் டோக்கியோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே ஓட ஆரம்பித்த ரயில், அதில் உட்கார்ந்திருப்பதே சுகம்தான். ஆனால் முழங்கால் வலியோடு வருகிற அம்மாவுக்கு அது திட்டமாகாது.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி, வட்டாரப் பாஸ். இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வரலாறு வேண்டும். ஜப்பான் தேசிய ரயில்வேயை 1987இல் உடைத்து, பயணிகளுக்கு ஆறு தனி நிறுவனங்கள் ஆக்கினார்கள். டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகா வரையிலான ஷிங்கன்சென் ஒரு நிறுவனத்துடையது, அதற்கு மேற்கே ஹிரோஷிமா, ஹக்காட்டா வரை இன்னொன்றுடையது. ஆகவே வட்டாரப் பாஸ்களுக்கு ஷின்-ஒசாகாதான் எல்லைக்கல். மேற்கு நிறுவனத்தின் கான்சாய்–ஹிரோஷிமா பாஸ் தொடர்ந்து 5 நாளுக்கு. நாங்கள் வாங்கியபோது 17,000 யென். ஷின்-ஒசாகா–ஹிரோஷிமா ஷிங்கன்சென், மியாஜிமா போகும் ஜே.ஆர். படகு, கியோட்டோ, நாரா, ஹிமேஜி பக்கத்து ஜே.ஆர். ரயில்கள், விமான நிலையத்துக்கு ஹருகா எல்லாம் அதில் அடக்கம். ஒரே நிபந்தனை, கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை சாதாரண ரயிலில் போய் அங்கே மாற வேண்டும். கடைசி 5 நாளுக்கு அதை வைத்துக்கொண்டோம். டோக்கியோ–கியோட்டோவுக்குத் தனி டிக்கெட். ஆளுக்கு 31,000 யென். நாடு தழுவிய பாஸ் வாங்கியிருந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து 57,000 யென் கூடுதலாகியிருக்கும்.

இரவுப் பேருந்து எல்லாவற்றையும் விட மலிவு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு எட்டு மணி நேரம் அளவில், ஹோட்டல் வாடகையும் ஒரு நாள் மிச்சம். இருபது வயதில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். உள்நாட்டு விமானம் சப்போரோவுக்கும் ஒகினாவாவுக்கும் சரி. கியோட்டோவில் விமான நிலையமே கிடையாது. ஹிரோஷிமாவில் விமான நிலையம் நகரிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

தனி டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஷிங்கன்சென் இருக்கைப் பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். டோக்கியோவிலிருந்து மேற்கே போகும்போது வலது பக்க ஜன்னல், அதாவது 'ஈ' (E) இருக்கை, கேட்டு வாங்குங்கள். முக்கால் மணி நேரம் போல ஆனதும், வானம் தெளிவாக இருந்தால், ஃபூஜி மலை முழு உருவத்தோடு ஜன்னலில் வந்து நிற்கும். ஏப்ரல் கடைசி–மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு ஆகிய விடுமுறைகளில் நொசோமியில் முன்பதிவில்லாத பெட்டியே இருக்காது. அந்த நாட்களில் அறை வாடகையும் ஏறிவிடும். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

விட்டுவிட்ட ஊர்கள்

கனாசாவாவை விட்டது அக்காவுக்கு மனசு கஷ்டம். டோக்கியோவிலிருந்து நேராக ஷிங்கன்சென், இரண்டரை மணி நேரம். ஆனால் அங்கிருந்து கியோட்டோ போக இப்போது நேரடி ரயில் இல்லை. 2024 மார்ச்சில் ஷிங்கன்சென் பாதையை சுருகா வரை நீட்டியதும், முன்பு நேராக ஓடிய 'தண்டர்பேர்ட்' ரயில் சுருகாவோடு நின்றுவிடுகிறது. சுருகாவில் மேல் தளத்தில் இறங்கி, கீழ்த் தளத்தில் அடுத்த ரயிலைச் சில நிமிடங்களுக்குள் பிடிக்க வேண்டும். கால் நன்றாக இருக்கிற இரண்டு பேர் என்றால் தயங்காமல் அந்த வழியில் போகலாம். டோக்கியோ, கனாசாவா, கியோட்டோ, ஒசாகா, இரு பக்க விமான நிலைய ரயில்கள் எல்லாம் அடங்கிய ஹொக்குரிகு ஆர்ச் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 7 நாளுக்கு, 30,000 யென் அளவில். அந்த வளைவுப் பாதைக்கு அது நியாயமான விலை.

விசா தேவைப்படுகிற கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விண்ணப்பத்தோடு நாள்வாரியாகப் பயண அட்டவணை கொடுக்க வேண்டியிருக்கும், எந்த நாள் எந்த ஹோட்டல் என்பது உட்பட. அதனால் தங்கும் இடங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறைகளாகப் போடுங்கள். விமான டிக்கெட், அறை, விசா, அதற்குப் பிறகு ரயில் என்ற வரிசை எங்களுக்குச் சிக்கலில்லாமல் போயிற்று.

மறுபடி போனால் ஒன்றை மாற்றுவேன். டோக்கியோவில் ஒரு இரவைக் குறைத்து, அதை மியாஜிமா தீவிலேயே தங்கக் கொடுப்பேன். இட்சுகுஷிமா கோயிலின் பெரிய தோரீ கடலுக்குள் நிற்கிறது. நாங்கள் காலையில் போனபோது தண்ணீர் வற்றி, ஜனங்கள் சேற்றில் நடந்து அதன் அடியிலேயே நின்று தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வந்தார். மதியம் படகில் திரும்பும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. தோரீயின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தன. "முழுசா மிதக்கிறதைப் பார்க்க எத்தனை மணி ஆகும்?" என்று அம்மா கேட்டார். சாயங்காலம் வரை இருக்க வேண்டும் என்றேன். படகு கரை சேரும் வரை அவர் பின்பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.